அப்பா மூன்று முறைதான் கூப்பிடுவார்

தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மூன்று தளம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு தளமும் ஒரு ரயில் பெட்டி அகலம்தான். கீழே கல்லாவில் அப்பா. மேலே இரண்டு தளங்களிலும் வேட்டி, துண்டு, உள்பாவாடை, பள்ளிச் சீருடைத் துணி என்று கூரை வரை அடுக்கிவைத்து ஏழெட்டு ஆட்கள். படியில் ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்டர்காம் வைத்துக்கொள்ளலாமே என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னபோது, "எனக்குத் தொண்டை இருக்குல்லா" என்றார் அப்பா. தென்காசிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். தெருக் கூட்டத்தின் இரைச்சலையும் மீறி மேல் தளத்துக்குக் கேட்கிற தொண்டை அது.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. அப்பா கீழேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மேலேயிருந்து முதலில் "இருக்கேன் அண்ணாச்சி" என்று குரல் வர வேண்டும். என்ன வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி, அந்தக் குரல் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். "துணி மெதுவா வரட்டும்ல. ஆளு இருக்கானா இல்லியான்னு மொதல்ல எனக்குத் தெரியணும்" என்பார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மீட்டர் அளக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

இரண்டாம் தளத்தில் ஒருவர் இருந்தார். துணியைத் தொட்டே எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார். அவரிடம் ஒரே குறை, கூப்பிட்டால் பதில் குரல் கொடுக்க மாட்டார். சத்தமில்லாமல் படியிறங்கி வந்து அப்பாவின் எதிரே நிற்பார். ஒரு நாள் அப்பா மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை. ஆள் வந்து நின்றபோது அப்பா அவரைத் தாண்டிப் பார்த்து, அதே தளத்தில் இருந்த இன்னொருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதர் பெயர் அப்பாவின் வாயில் வரவே இல்லை. இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு அவராகவே போய்விட்டார். அப்போது நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற வயது. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "பதில் கொடுக்காதவன் கடையில இல்லட்டி. இல்லாதவனை எப்படிக் கூப்பிடச் சொல்லுத?" என்றார். அப்பா மூன்று முறைதான் கூப்பிடுவார். நான்காவது கிடையாது.

வீட்டிலும் இதே சட்டம்தான். "ஏட்டி" என்று கூடத்திலிருந்து குரல் வந்தால், நான் குளியலறையில் தலைக்கு ஷாம்பூ போட்டுக்கொண்டிருந்தாலும் "இருக்கேம்ப்பா" என்று கத்த வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். கல்யாணமாகிப் போன வீட்டில், சாப்பாடு தயார் என்பதை அடுத்த அறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நாலு பேர் இருந்த அந்த வீட்டில் மின்விசிறி சத்தம்தான் பெரிய சத்தம். போன வேகத்தில் நான் திரும்பி வந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. இதுவும் ஒரு காரணம். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்பாவும் நானும் மட்டும் அந்த இரண்டாவது மாடி வீட்டில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு இருந்தோம்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. அதைவிடப் பெரிதாகப் பேச்சு போனது. மனதில் எல்லாம் இருக்கிறது, நாக்குக்கு வரவில்லை என்றார்கள். "ஏட்டி" என்பதில் "ஏ" மட்டும் வந்தது. அதுவும் தொண்டையின் அடியிலிருந்து, யாரோ பாரம் தூக்குவது போல. கடையை வாடகைக்கு விட்டோம். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள்.

அடையாறிலிருந்து ஸ்கூட்டரில் வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. முதல் நாளே என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "அவர் என்ன சத்தம் போட்டாலும் உடனே பதில் கொடுங்க மேடம். அர்த்தம் புரியலன்னாலும் பரவாயில்ல. யாரோ கேட்டாங்கன்னு அவருக்குத் தெரியணும். இந்தச் சில மாசம்தான் முக்கியம். இப்ப அவர் பேசறத நிறுத்திட்டார்னா, அப்புறம் திரும்பக் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம்." எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கடைச் சட்டத்தையே எனக்கு மருந்தாக எழுதிக் கொடுத்தது போல இருந்தது. இதில் நான் தவற வாய்ப்பே இல்லை என்று நினைத்தேன்.

நினைப்பது சுலபம். எனக்குத் தேனாம்பேட்டையில் அலுவலகம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, யார் யாருக்கோ "ஆமாம், கேட்கிறது, சொல்லுங்கள்" என்று நாள் முழுக்கப் பதில் கொடுத்தேன். பக்கத்து அறையில் அப்பா "ஏ" என்பது எனக்குக் கேட்காது. கேட்டாலும் கூட்டம் முடிந்து போவதற்குள் அரை மணியாகிவிடும். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். என்னைவிட மூத்தவர், ஆனால் என்னை அக்கா என்பார். அப்பாவை நைனா என்பார். அவர் சமையலறையில் கஞ்சி கரைக்கும்போது அப்பாவுக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் நவராத்திரி சமயத்தில் ஒரு பேசும் பெட்டியை, ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்கிறார்களே, அதை வாங்கினேன். பாட்டு கேட்கட்டும், மணி கேட்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதிலாக ஒரு ஆள் வைத்தேன்.

உள்ளங்கை உயரத்தில் துணி போர்த்திய ஒரு டப்பா. அப்பாவின் தலைமாட்டில் இருந்த அலமாரியில் நானே வைத்தேன். கூப்பிடுவதற்கு நாலைந்து பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் நாக்குக்கு எளிதானதாக, உயிரெழுத்தில் தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் சொன்னால் முன்பக்கத்தில் ஒரு நீல விளக்கு எரியும். கூடவே "டிங்" என்று மேலேறும் ஒரு ஒலி. கேட்டது புரியாவிட்டால் செய்தி வாசிக்கிற தமிழில் மன்னிப்புக் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டொங்" என்று இறங்கும் இன்னொரு ஒலியோடு அடங்கிவிடும். குரல் பெண் குரல்.

பார்த்துக்கொள்ள வந்தவருக்கு அந்தக் குரல் ஒரு தர்மசங்கடம். அப்பாவுக்கு உடம்பு துடைத்து வேட்டி மாற்றும்போது, டப்பாவைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். "பொம்பள கொரலு கீதுக்கா. நைனாக்கு வெக்கமா இருக்காதா?" என்பார். திருப்பி வைத்தால் மீண்டும் நேராக வைக்க மறந்துவிடுவார். இதை நான் அலுவலகத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். டப்பா பெரும்பாலும் சுவரைப் பார்த்துத்தான் நின்றது. ஒலி கேட்டதால் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பெயரைச் சொல்ல அப்பாவுக்கு மூன்று வாரம் பிடித்தது. பயிற்சிக்கு வந்த பெண் உதட்டைக் குவித்துக் காட்டுவாள். பார்த்துக்கொள்பவர் கட்டில் ஓரத்தில் நின்று அவரும் சேர்ந்து குவிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் நான் கூடத்தில் இருந்தேன். உள்ளேயிருந்து கரகரவென்று அந்தப் பெயர் வந்தது. உடனே "டிங்". நான் ஓடினேன். அப்பா கண்ணை அகல விரித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது. பார்த்துக்கொள்பவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நைனா கூப்ட்டாரு, அது பதில் குடுத்துச்சுக்கா" என்றார்.

அதன் பிறகு அப்பா நாள் முழுக்க அதைக் கூப்பிட்டார். பெயர் சொல்வார், "டிங்" வரும், அவர் அப்படியே கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். சற்றுக் கழித்து "டொங்". மறுபடி கூப்பிடுவார். முதலில், பாவம், என்ன கேட்பது என்று தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்தேன். அப்படியில்லை. அவருக்கு வேண்டியதே அந்த "டிங்"தான். பெட்டி பேசுகிற பேச்சு அவருக்குப் பொருட்டே இல்லை; பாட்டுப் போட்டாலும் மழை வருமா என்று சொன்னாலும் முகத்தில் மாற்றம் இருக்காது. அந்தச் சின்ன ஒலி வரும்போது மட்டும் தோள் இறங்கும், மூச்சு சீராகும். என்னால் அதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. எந்தக் குரலும் வருவதற்கு முன்னால் வருகிற அந்த ஒரு துளி ஒலியில்தான் அவருக்கு ஆள் இருந்தது. மேல் தளத்திலிருந்து "இருக்கேன் அண்ணாச்சி" என்று கேட்டது போல அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

பேச்சும் நகர்ந்தது. "டிங்" வந்ததும் ஏதோ சொல்ல முயன்றார். கார்த்திகை முடிவதற்குள் ஒரு நாள் "மணி" என்று சொன்னார், பெட்டி மணி நாலேகால் என்றது. என்னைக் கூப்பிடுவதிலும் "ஏ"யிலிருந்து "ஏட்" வரை வந்துவிட்டார். பயிற்சிக்கு வந்த பெண் நோட்டில் என்னவோ எழுதிவிட்டு, பொங்கலுக்குள் உங்களைக் கூப்பிட்டுவிடுவார் பாருங்கள் என்றாள். அந்த இரண்டு மாதம்தான் நாங்கள் நம்பிக்கையோடு இருந்த காலம்.

எனக்கோ அந்த "டிங்" காதில் ஈ புகுந்தது போல ஆகிவிட்டது. காலை காபிக்கு முன்னால் "டிங்". அலுவலகக் கூட்டத்தில் நான் பேச வாயெடுத்தால் "டிங்". "என்னங்க, உங்க வீட்ல எப்பப் பாத்தாலும் பூஜை மணி அடிக்குது?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பொறாமை. என்னைக் கூப்பிட்டு நான் வரத் தாமதமானால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த டப்பாவிடம் ஒரு நாளும் அவருக்குக் குறை இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மகளாக நாற்பத்தாறு வருஷம் இருந்தவள் நான். இரண்டாயிரம் சொச்சம் ரூபாய்ச் சாமான் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மார்கழியில் ஒரு பகல். முக்கியமான கூட்டம், மேலதிகாரிகள் எல்லாம் இருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் நாலு முறை "டிங்". போனை எடுத்தேன். பெட்டிக்கான ஆப்பில் ஒலிகள் என்று ஒரு வரி இருந்தது; பக்கத்தில் ஒரு பொத்தான். தள்ளினேன். பெட்டி வேலை செய்யும், விளக்கு எரியும், ஒலி மட்டும் வராது. விளக்கைப் பார்த்து அப்பா தெரிந்துகொள்வார் என்று நினைத்ததாக எனக்கு ஞாபகம். டப்பா சுவரைப் பார்த்து நிற்பது எனக்குத் தெரியும். நான்தானே அதைச் சொல்லிச் சிரித்தவள். அந்த நேரத்தில் அதை நினைக்கவில்லை.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தேன். மறு காதில் அப்பா கூப்பிடுவது கேட்டது. பெயரைத் தெளிவாகச் சொன்னார், முன்னெப்போதையும்விடத் தெளிவாக. பிறகு அமைதி. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பதில் குரல் வராமல் என்ன வேண்டும் என்று சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரரின் ஒலிபெருக்கி, பதிவுசெய்த அவர் குரலிலேயே வெங்காயம் விற்றுக்கொண்டு போனது. அப்பா இரண்டாவது முறை கூப்பிட்டார். மறுபடி அமைதி. மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது, மேல் தளத்துக்குக் கூப்பிடுகிற குரல். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கூட்டத்தை நல்லபடியாக முடித்தேன். பாராட்டினார்கள்.

மறுநாள் பெட்டியை அவர் கூப்பிடவில்லை. நான் கவனிக்கக்கூட இல்லை; வீடு அமைதியாக இருந்ததில் என் வேலை ஓடியது. பொத்தானைத் தள்ளியதையே மறந்துவிட்டேன். பார்த்துக்கொள்பவர்தான் முதலில் சொன்னார். "இன்னாக்கா, நைனா இன்னிக்கும் வாயே தொறக்கல. கஞ்சி வேணுமான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுறாரு." குளிருக்கு அப்படி இருக்கும் என்றேன். சென்னையில் என்ன குளிர்? ஆனாலும் சொன்னேன்.

ஊருக்குப் போயிருந்துவிட்டு ஒன்பதாம் நாள் பயிற்சிக்கு வந்த பெண் ஒரு மணி நேரம் போராடினாள். ஒரு எழுத்து வரவில்லை. கூடத்துக்கு வந்து, "வீட்ல ஏதாவது மாறிச்சா மேடம்? புதுசா யாராவது வந்தாங்களா, ஏதாவது சத்தம் போட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஒண்ணும் மாறலையே" என்றேன். அந்தப் பொய்யை நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

அவள் ஸ்கூட்டர் கிளம்பும்வரை காத்திருந்து, ஒலியைத் திரும்ப வைத்தேன். டப்பாவை நேராகத் திருப்பினேன். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானே பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "டிங்". "பாருங்கப்பா, இருக்கு. எங்கயும் போகல. நான்தான் சத்தத்த நிறுத்தி வெச்சேன். நீங்க கூப்பிடுங்க." அவர் என் பக்கம் பார்த்தார், டப்பாவைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எதிரே வந்து நின்ற மனிதரைத் தாண்டிப் பார்த்தாரே, அந்தப் பார்வை. இந்த முறை தாண்டிப் பார்த்தது என்னை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சிடுங்கப்பா என்றேன். இடது கையால் என் தலையைத் தொட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டாவது ஒரு சத்தம் போடமாட்டாரா என்று அந்த நிமிடம்கூட எனக்கு ஒரு ஆசை இருந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இன்னொரு சின்ன அடைப்பு வந்திருக்கலாம், சில சமயம் அப்படிப் பேச்சு பின்வாங்கும் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஏதாவது இருக்கட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். அப்பாவின் மூளையில் புதிதாக ஒரு அடைப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மகள் நான். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. சோர்வாக இருக்கும், மனச்சோர்வுக்கு மாத்திரை தருகிறேன் என்றார். கொடுத்தார். அப்பா ஒழுங்காக விழுங்குகிறார்.

பார்த்துக்கொள்பவரிடம் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நீ பொத்தான தள்ன. நா அத்த செவுத்தப் பாத்து திருப்பி வெச்சேன். ரெண்டு பேரும் சேந்துதாங்க்கா நைனாவ தனியா வுட்டோம்" என்றார். அரிசியை உலையில் போட்டுவிட்டு, "ஆனா அவருக்குக் கேக்குதுக்கா. கேக்காம இல்ல. நா கூப்ட்டா கண்ணு வருது" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னது. எனக்கு அது ஆறுதலாக இல்லை. காது கேட்டும் பதில் கொடுக்காதவர்களை அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

பொங்கல் போய்விட்டது. பங்குனி வெயில் வந்துவிட்டது. பயிற்சிக்கு வரும் பெண் இப்போது வாரம் ஒரு முறை வருகிறாள், நோட்டில் எழுதுவதில்லை. நான் அவர் அறையில்தான் மேஜையைப் போட்டு வேலை செய்கிறேன். ஹெட்போன் மாட்டுவதில்லை. அவர் கூப்பிடாமலே ஒரு நாளைக்கு ஐம்பது முறை "இருக்கேம்ப்பா" என்கிறேன். டப்பா அதே அலமாரியில், நேராகப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. எப்போதாவது டிவியில் யாரோ பேசுவதைத் தன் பெயர் என்று நினைத்து அதுவாகவே "டிங்" என்னும். எனக்குத் தூக்கிவாரிப் போடும். அப்பா திரும்புவதில்லை.

காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்து "அப்பா" என்று கூப்பிடுகிறேன். பொறுத்துப் பார்க்கிறேன். அவர் கண் என் மேல் இருக்கிறது, மூச்சு வருகிறது, உதடு அசைவதில்லை. இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுகிறேன். அதோடு எழுந்து கஞ்சி கொண்டுவரப் போய்விடுகிறேன். தினமும் இரண்டு முறைதான். மூன்றாவது முறை கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.